ஐந்து மணிக்கு வந்தவருக்கும் அதே கூலியா? (மத்தேயு 20:1-16)

கேள்வி: 23 செப்டம்பர் 2023, சனி இரவு

நாளைக்குப் பொதுக்காலம் 25ஆம் ஞாயிறு. நற்செய்தி, திராட்சைத் தோட்ட வேலையாட்கள் உவமை. காலையில் வந்தவருக்கும், சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து ஒரு மணி நேரமே வேலை பார்த்தவருக்கும் தோட்டக்காரர் ஒரே கூலியாக ஒரு தெனாரியம் (ரோமானிய வெள்ளிக்காசு) கொடுக்கிறார், காலை ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் எனக்கு உறுத்துகிறது. என் அப்பா சின்ன வயதிலிருந்தே பூசைக்கு உதவியவர். பாடகர் குழு, திருவிழாப் பந்தல், கல்லறைத் திருநாள் வேலை என்று எதையும் விட்டதில்லை. எங்கள் தெருவில் இன்னொருவர் இருந்தார். ஆயுள் முழுக்கக் குடித்தார், குடும்பத்தைச் சீரழித்தார், கடைசியில் படுக்கையில் பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை (நற்கருணை) வாங்கிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். இரண்டு பேருக்கும் ஒரே கூலி என்றால் அது என்ன நியாயம்? "கடவுளின் தாராளம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை.

பதில்: 24 செப்டம்பர் 2023, ஞாயிறு மதியம்

பூசை முடிந்து வந்ததும் எழுதுகிறேன். நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரன். எங்கள் பக்கம் இந்த உவமையைக் கேட்க யாருக்கும் கற்பனை தேவையில்லை. கோவிலை விட்டு வெளியே வந்தால் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பன்னீர் திராட்சைப் பந்தல்தான். இந்த வருஷம்தான் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

தம்பி, உங்கள் கேள்வியில் ஒரு விஷயம் நுழைந்திருக்கிறது. அது மத்தேயுவில் இல்லை. ஐந்து மணிக்கு வந்தவர்கள் ஏதோ தப்பு செய்தவர்கள் போலப் பேசுகிறீர்கள். வசனத்தைத் திரும்பப் படியுங்கள். ஏன் நாள் முழுக்க இங்கே நிற்கிறீர்கள் என்று தோட்டக்காரர் கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவ்வளவுதான். குடித்துவிட்டுப் படுத்திருந்தோம் என்று சொல்லவில்லை. காலையில் வர மனமில்லை என்றும் சொல்லவில்லை.

விடிவதற்கு முன்னால் எங்கள் ஊர் முக்கில் பெண்கள் தூக்குச்சட்டியோடு ஜீப்புக்கு நிற்பார்கள். கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிற ஜீப்புகள். யாரை முதலில் ஏற்றுவார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கை வேகமாக ஓடுகிற பெண்களை. வயதானவர்கள், மூட்டு வலிக்காரிகள், கைப்பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு ஐந்து நிமிஷம் பிந்தி ஓடி வந்தவர்கள் மிஞ்சிப் போவார்கள். அவர்களில் சிலர் உடனே வீட்டுக்குத் திரும்ப மாட்டார்கள். உள்ளூரில் யாராவது பழம் வெட்டக் கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் ஒருவர் அப்படி நின்றிருந்தால், அவர் அன்றைக்கு வேலைக்கு எவ்வளவு ஆசைப்பட்டிருப்பார்? நமக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் அவர் தோட்டத்தில் இருந்த ஒரு மணி நேரம் மட்டும்தான். அவர் நின்ற பதினோரு மணி நேரத்தை யாரும் எண்ணுவதில்லை.

24 செப்டம்பர் 2023, ஞாயிறு இரவு

ஒரு தெனாரியம் எவ்வளவு என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அந்தக் காலத்துக் கூலியாளின் சாதாரண ஒரு நாள் சம்பளம். பெரிய தொகை அல்ல. திருவெளிப்பாடு 6:6இல் பஞ்ச காலத்து விலை ஒன்று வருகிறது: ஒரு தெனாரியத்துக்கு ஒரு ஆள் ஒரு நாள் சாப்பிடுகிற அளவு கோதுமை. வாற்கோதுமை என்றால் அதைப்போல மூன்று பங்கு. பஞ்சத்தில் அந்தக் கூலி ஒருவருக்கே காணும், நல்ல காலத்தில் ஒரு குடும்பம் அன்றன்றைக்கு அடுப்பு மூட்டும். அதைப் பன்னிரண்டாகப் பிரித்து, ஒரு மணி நேரத்துக்கு உரிய பங்கைக் கொடுத்து அனுப்பினால் வீட்டில் என்ன உலை வைப்பார்கள்?

இணைச்சட்டம் 24:15இல் இதே கவலை இருக்கிறது. கூலியாளின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடு, அவன் ஏழை, அதை நம்பித்தான் இருக்கிறான். தோட்டக்காரர் சாயங்காலம் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கூலியைக் கொடுக்கச் சொல்வது அந்தச் சட்டத்தின்படிதான். மணிக்கணக்கைப் பார்த்தா கொடுத்தார்? எனக்கு அப்படித் தெரியவில்லை. இன்றைக்கு ராத்திரி ஒவ்வொரு வீட்டுக்கும் என்ன தேவையோ அதைக் கொடுத்தார். "அன்றாட உணவை இன்று தாரும்" என்று தினமும் ஜெபிக்கிறோம். உழைத்த அளவுக்குத் தாரும் என்று யாரும் ஜெபிப்பதில்லை.

25 செப்டம்பர் 2023

ஒரு சின்ன விஷயம், நேற்று விட்டுப்போனது. காலை ஆட்களுக்கு முதலில் கூலி கொடுத்திருந்தால் பிரச்சினையே வந்திருக்காது. ஒரு தெனாரியத்தை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போயிருப்பார்கள். கடைசி ஆளிலிருந்து தொடங்கு என்று வேண்டுமென்றே சொல்கிறார். அவர்கள் அதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். ஏன்?

முந்தின அதிகாரத்தைப் பாருங்கள். 19:27இல் பேதுரு, நாங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறார். இந்த உவமை முடிந்து மூன்று வசனம் போனதும் செபதேயுவின் மனைவி வந்து சீடர்களான தன் மக்கள் இரண்டு பேருக்கும் வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் கேட்கிறார். இரண்டு கேள்விக்கும் நடுவில்தான் இயேசு இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் காலை ஆறு மணிக்காரர்கள்.

26 செப்டம்பர் 2023

விவசாயம் பார்க்கிற ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார்: "சரி, மறுநாள் காலையில் ஆறு மணிக்கு எவன் வருவான்?" நியாயமான கேள்வி. நானும் இதை ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

என் அப்பா குத்தகைக்குத் தோட்டம் பார்த்தவர். கவாத்து, கொடி கட்டுவது, மருந்து அடிப்பது, பழம் வெட்டுவது என்று வருஷம் முழுக்க ஆள் தேவைப்படும். பழம் பழுத்து நிற்கும்போது மழை பெய்தால் காய் வெடித்துவிடும், வியாபாரி திரும்பிப் பார்க்க மாட்டார். மேகம் கூடினால் அப்பாவும் மதியத்துக்கு மேல் முக்குக்குப் போய் நிற்கிறவர்களைக் கூட்டி வருவார். பாதி நாள் வேலைக்குப் பாதிக் கூலி. அதில் ஒரு ரூபாய் கூடவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். ஊரில் அவரை நேர்மையானவர் என்பார்கள். உண்மையிலேயே நேர்மையானவர்தான்.

அம்மா வேறு மாதிரி. மதியத்துக்கு மேல் வந்தவர்களுக்கும் மற்றவர்களுக்குப் போட்ட அதே சோற்றைப் போடுவார், வீட்டுக்கும் கொஞ்சம் கொடுத்து விடுவார். அப்பா அதைக் கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிடுவார். கூலியை மணி பார்த்துக் கொடுத்தது அப்பா. வயிற்றைப் பார்த்தது அம்மா. ஒரே பந்தலுக்குக் கீழே இரண்டும் நடந்தது. அதனால் மறுநாள் யாரும் பிந்தி வரவும் இல்லை. பிந்தி வந்தால் சோறு கிடைக்கும் என்பதற்காக வேலையில்லாமல் அரை நாள் நிற்க யாருக்கு ஆசை இருக்கும்?

அண்ணனுக்கு என் பதில் இதுதான்: தோட்டக்காரர் சொன்னதைச் சட்டமாக்கி நாளைக்கே எல்லாத் தோட்டத்திலும் நடத்த முடியுமா, தெரியாது. ஆனால் மறுநாள் யார் வருவார் என்று கேட்கிறவர் எப்போதும் தோட்டத்துப் பக்கம் நின்றே கேட்கிறார். முக்கில் நிற்கிறவரிடம் கேட்டால் வேறு கேள்வி வரும்.

27 செப்டம்பர் 2023

இன்றைக்கு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லி, உங்களுக்கு யார்மேல் பாவமாக இருக்கிறது என்று கேட்டேன். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் உடனே கையைத் தூக்கினான். "கணக்கப்பிள்ளை மேல சார். முதலாளி சொன்னதைக் கொடுத்தாரு, எல்லாரும் அவரைத்தான் திட்டியிருப்பாங்க." வகுப்பு முழுக்கச் சிரிப்பு. இத்தனை மறையுரை கேட்டும் எனக்கு அந்த மனுஷர் ஞாபகத்துக்கு வந்ததே இல்லை.

29 செப்டம்பர் 2023, வெள்ளி இரவு

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார். "ஐந்து மணி ஆட்கள் குற்றவாளிகள் அல்ல என்பது சரி. ஆனால் கோவிலில் காலம் காலமாக இதைக் கடைசி நேர மனமாற்றத்துக்குத்தானே சொல்கிறார்கள்?" என்கிறார்.

ஆமாம், பழைய வழக்கம்தான். பழைய காலத்துத் திருத்தந்தை பெரிய கிரகோரியார், தோட்டக்காரர் ஆள் கூப்பிடப் போன அந்த ஐந்து வேளைகளையும் சிறுவயது முதல் முதுமை வரையான வயதுகளுக்கு ஒப்பிட்டு மறையுரை சொல்லியிருக்கிறார். ஆர்த்தடாக்ஸ் கோவில்களில் பாஸ்கா (உயிர்ப்புப் பெருவிழா) இரவில் புனித கிறிசோஸ்தோம் பெயரால் வாசிக்கப்படும் உரையும் பதினோராம் மணிக்கு (நம் கணக்கில் சாயங்காலம் ஐந்து) வந்தவரே பயப்படாதீர் என்று கூப்பிடுகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. சாகக் கிடக்கிற ஒருவருக்கு அந்த வார்த்தை உயிர். புனித அகுஸ்தீனார் மட்டும் இன்னொன்றும் சேர்த்துச் சொன்னார்: எப்போது வந்தாலும் தெனாரியம் உண்டு என்று வாக்கு இருக்கிறது, ஆனால் அந்த மணி வரைக்கும் நீ உயிரோடு இருப்பாய் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

ஆனால் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் சித்தப்பா குடித்தே அழிந்தவர். குத்தகைத் தோட்டம் கடனில் போனது. சித்தி அடியும் வாங்கிக்கொண்டு, ஜீப்பில் ஏலக்காட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். கடைசி மாதங்களில் சித்தப்பா மனம் திரும்பினார். பொய்யில்லை, நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அழுதார். நோயாளிகளுக்குக் குருவானவர் எண்ணெய் பூசி ஜெபிக்கிற நோயில்பூசுதல் வாங்கினார். அடக்கத்தன்று வந்தவர்கள் எல்லாரும் "நல்ல சாவு, பாக்கியம் செய்தவர்" என்றார்கள். யாரோ ஒருவர் இந்த உவமையையே சித்தியிடம் சொல்லி, முணுமுணுக்கக் கூடாது என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி சித்தி என்னிடம் சொன்னது: "சாமி அவரை மன்னிச்சிருப்பாருப்பா. நான் இன்னும் கொஞ்ச நாள் எடுத்துக்கிறேன்."

இந்த உவமையை வைத்து அந்த மனுஷியின் வாயை அடைக்க முடியாது. காலை ஆட்களுக்குக் கடைசி ஆட்களால் எந்த நஷ்டமும் இல்லை. பேசின கூலி முழுசாகக் கைக்கு வந்தது. வெயிலைத்தான் சொல்லிக் காட்டினார்கள். சித்தியிடமிருந்து எடுத்தது சித்தப்பாதான். அந்தக் கணக்குக்கு வேறு பக்கம் இருக்கிறது: லூக்கா 19. வரி வசூலிக்கிற சக்கேயு, ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று தானாகவே சொல்கிறார். சிலுவையில் தொங்கின கள்வனுக்கு எதையும் திருப்பிக் கொடுக்க வழியில்லை. ஆனாலும் எங்களுக்குக் கிடைத்தது தகுந்த தண்டனைதான் என்று எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டார். பாதிக்கப்பட்டவர்கள் ஒருவேளை கீழே நின்று அதைக் கேட்டிருக்கலாம்.

சித்தப்பாவுக்கு மோட்சம் கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். அதற்காக ஜெபிக்கிறேன். சித்தியின் "கொஞ்ச நாள்" நீளமானதாக இருந்தாலும் கடவுள் அதற்காக அவரை முணுமுணுக்கிறவர் பட்டியலில் சேர்க்க மாட்டார் என்றும் அதே அளவுக்கு நம்புகிறேன்.

30 செப்டம்பர் 2023

நேற்று எழுதினதைப் படித்துவிட்டு ஒருவர் தனியாக எழுதியிருந்தார். அதனால் இதையும் சொல்கிறேன். "எனக்குரியதை நான் விரும்பியபடி செய்யக் கூடாதா" என்ற 15ஆம் வசனத்தைச் சம்பளம் கேட்கிறவர்களிடம் சொல்கிற வழக்கம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, கோவில் சார்ந்த ஒரு நிறுவனத்தில் துப்புரவு வேலை பார்த்தார். கூலி கூட்டிக் கேட்டபோது, சேவையாக நினைத்துச் செய்யுங்கள் என்று சொல்லி இந்த வசனத்தையே காட்டினார்கள். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அந்தத் தோட்டக்காரர் யாருக்காவது பேசினதை விடக் குறைத்தாரா? ஒருவருக்கும் இல்லை. விரும்பியபடி செய்தேன் என்று அவர் சொன்னது கூடுதலாகக் கொடுத்ததைப் பற்றி. குறைத்துக் கொடுக்கிறவர்களுக்கான வசனம் யாக்கோபு 5:4, பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்பது. அதை அந்த அலுவலகச் சுவரில் மாட்ட வேண்டும்.

இன்னொன்று. எங்கள் பக்கம் தோட்ட வேலையில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்குக் குறைச்சலான கூலி. சம ஊதியச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. இந்தக் கதையில் ஒரே நாளில் எல்லாருக்கும் ஒரே கூலி கொடுத்ததைக் கேட்டு அதிர்ச்சியாகிற நாம், ஒரே வேலைக்கு இரண்டு கூலி கொடுப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறோம். இதை ஞாயிற்றுக்கிழமை யாராவது பீடத்திலிருந்து சொன்னால் நன்றாக இருக்கும்.

1 அக்டோபர் 2023, ஞாயிறு

இன்றைய முதல் வாசகம் எசேக்கியேல் 18:25-28. கவனித்தீர்களா? ஆண்டவரின் வழி நேர்மையற்றது என்று சொல்கிறீர்களே என்று கடவுளே தொடங்குகிறார். போன சனிக்கிழமை இங்கே கேட்ட அதே கேள்வி, பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டவர்கள் கேட்டிருக்கிறார்கள். நாள்காட்டி போட்டவர்கள் அடுத்தடுத்த வாரத்தில் வைத்திருக்கிறார்கள்.

நற்செய்தியும் திராட்சைத் தோட்டம்தான், இரண்டு மகன்கள். போகமாட்டேன் என்றவன் போனான், போகிறேன் என்றவன் போகவில்லை. தம்பி கேட்ட குடிகாரருக்குப் பொருந்துகிற உவமை இது என்று இன்றைக்குத் தோன்றியது. மாட்டேன் என்று அவர் பல வருஷம் சொன்னார். அந்த "மாட்டேன்" மற்றவர்களுக்கு எவ்வளவு செலவு வைத்தது என்பதை இந்தக் கதை சொல்லவில்லை. ஆனால் அவரை யாரும் கூப்பிடவில்லை என்று சொல்ல முடியாது. அவர் கூப்பிட்டும் போகாதவர். முக்கில் நின்றவர்களோடு அவரை ஒரே பாயில் உட்கார வைக்காதீர்கள், அது நின்றவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

4 அக்டோபர் 2023

யூதர்களின் பழைய சட்ட விளக்க நூலான யெருசலேம் தல்மூதில் இதைப் போலவே ஒரு கதை இருப்பதை ஒரு நண்பர் குறிப்பிட்டிருக்கிறார், நன்றி. 28 வயதில் இறந்த ஒரு ரபிக்கான (யூத மத ஆசிரியர்) இரங்கலுரை அது. அரசர் ஒரு வேலையாளை இரண்டு மணி நேரத்தில் கூட்டிக்கொண்டு உலாவப் போகிறார், சாயங்காலம் முழுக்கூலி கொடுக்கிறார். மற்றவர்கள் முறையிட்டால், நீங்கள் நாள் முழுக்கச் செய்ததை விட இவர் இரண்டு மணி நேரத்தில் அதிகம் செய்தார் என்கிறார். இளம் வயதில் போனவரின் வீட்டாருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆனால் இயேசுவின் கதையில் அந்த விளக்கம் இல்லை. கடைசி ஆட்கள் கெட்டிக்காரர்கள் என்று தோட்டக்காரர் சொல்லவே இல்லை.

தாவீது கதை இன்னும் நெருக்கம் (1 சாமுவேல் 30). களைத்துப்போய் பெசோர் ஓடையைத் தாண்ட முடியாமல் 200 பேர் மூட்டை முடிச்சோடு தங்கிவிட்டார்கள். போருக்குப் போன 400 பேரில் சிலர், அவர்களுக்குப் பங்கு கிடையாது என்றார்கள். போருக்குப் போனவனுக்கும் பொருள்களைக் காத்தவனுக்கும் ஒரே பங்கு என்று தாவீது அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார். மறுநாள் எவன் வருவான் என்று கேட்ட அண்ணனுக்கு இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

அப்புறம், ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் தன் பொருளாதார நூலுக்கு "Unto This Last" (இந்தக் கடைசி ஆளுக்கும்) என்று பெயர் எடுத்தது இந்த உவமையின் 14ஆம் வசனத்திலிருந்துதான். 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் போகும் ரயிலில் காந்தி அதைப் படித்தார், ராத்திரி தூங்கவில்லை. அந்த வருஷமே டர்பன் பக்கத்தில் அவருடைய பீனிக்ஸ் பண்ணை தொடங்கியது. நிறம், நாடு பார்க்காமல் எல்லாருக்கும் மாதம் 3 பவுண்டு என்று வைத்தார்கள். பைபிளை நம்புகிற நாம் இந்தக் கதையை மோட்சத்துக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருந்தபோது, வேறொருவர் அதைச் சம்பளப் பட்டியலாகவே எடுத்துக்கொண்டார்.

8 அக்டோபர் 2023, ஞாயிறு

மூன்றாவது வாரமும் திராட்சைத் தோட்டம். இன்றைக்குக் கொடிய குத்தகைக்காரர்கள், முதல் வாசகம் எசாயா 5. ஆசையாக வைத்த தோட்டத்தில் நீதியை எதிர்பார்த்தார், முறைப்பாடுதான் கேட்டது. குத்தகைக்காரன் மகனான எனக்கு இதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, ஆனால் அது வேறு இழை.

தம்பி, உங்கள் அப்பாவைப் பற்றி இன்னும் ஒன்று. காலை ஆட்களுக்கு வெயில் இருந்தது, உண்மை. ஆனால் இன்றைக்கு ராத்திரி பிள்ளைகள் சாப்பிடும் என்பது காலையிலேயே தெரிந்துவிட்டது. அந்தத் தெம்போடு நாள் முழுக்க வேலை பார்த்தார்கள். உங்கள் அப்பா பாடகர் குழுவில் நின்ற வருஷங்களை அவர் வெயில் என்றா நினைப்பார்? அவரிடமே கேளுங்கள். அவர் என்ன சொன்னாலும் சரி, இங்கே வந்து எழுதுங்கள்.

எங்கள் அன்பியத்தில் (பங்கில் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற குழு) வரும் புதன்கிழமை இதே பகுதியைத்தான் வாசிக்கிறோம். வழக்கமான ஆறரை மணிக்கு வைத்தால் ஏலக்காட்டுக்குப் போகிற பெண்கள் வர முடிவதில்லை. ஜீப் திரும்பி, அவர்கள் குளித்துச் சமைத்து முடிக்க நேரம் ஆகிவிடும். இவ்வளவு நாளும் அவர்கள் இல்லாமலேயே கூட்டத்தை முடித்திருக்கிறோம். இந்த முறை எட்டு மணிக்கு மாற்றிவிட்டோம். வாசிப்பதற்குச் சித்தியைக் கேட்டிருக்கிறேன். கண்ணாடி மாற்ற வேண்டும், எழுத்து தெரியவில்லை என்றார். பெரிய எழுத்துப் பைபிள் ஒன்று சாமியார் பங்களாவில் இருக்கிறது, அதை வாங்கி வந்து கொடுக்க வேண்டும்.